படையல் காக்கைகள்

விடிந்து எழுந்தபோதே பூங்காவனத்துக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. கோழி கூவியது, பெரிய சாலையில் பஸ் உறுமியது, தொட்டிலில் கைக்குழந்தை சிணுங்கியது. ஆனால் கொல்லை ரம்புத்தான் மரத்துப் பொந்தில் குஞ்சு பொரித்திருந்த முராய்க் குருவியின் சீட்டியை மட்டும் காணோம். இந்தக் காஜா பெராங் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

எல்லாம் புருஷன் கருணாகரன் இழுத்துவிட்ட வினை. மாமனார் திதியன்று இலையில் சோறு வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இங்குள்ள கருத்த பெரிய காக்கை காட்டோரத்தை விட்டு வாசலுக்கு வராது. அன்று சாப்பிடாமலே எழுந்துவிட்டவன், அடுத்து லோரியில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனபோது, எப்போதோ கப்பலில் வந்து அங்கே பெருகிக் கிடந்த சாம்பல் கழுத்து ஊர்க்காக்கைகளைப் பிடித்துக் கோழிக்கூடையில் கொண்டுவந்து விட்டான். தினமும் சோறு போட்டான். அவை தங்கின. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குச் சந்தில் கட்டிய காகிதக் கொடிகளைக் கிழித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

பூங்காவனம் கொல்லைக் கதவைத் திறந்தாள். ரத்தக் கவிச்சை வாடை. பொந்தின் விளிம்பில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணால் உள்ளே பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. பிறகு தலை உள்ளே போனது. கீச்சென்று ஒரு சத்தம், அதோடு சரி.

அவள் கல்லை எடுத்தாள். பின்னாலிருந்து கருணாகரன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு மேல கல்ல ஓங்குற? அப்பா அது."

கல் தானாக நழுவியது. மாமனாரை எப்படி அடிப்பது?

மழைக்காலம் முடிவதற்குள் மெர்போக் புறாவும் போயிற்று, தேன்சிட்டும் போயிற்று. பக்கத்து வீட்டு ரஹீமா வேலியோரம் வந்து புலம்பினாள்.

"எங்க கோழிக்குஞ்சு ஒன்னும் மிஞ்சல புள்ள. சோறு போடுறத நிப்பாட்டச் சொல்லேன் ஒம் புருஷன."

சொன்னாள். கேட்டால்தானே! மரங்கள் ஊமையாகிவிட்டன. தகரக் கூரையில் நகங்கள் கீறும் சத்தம் மட்டும் பகலெல்லாம் கேட்டது, அவள் குழந்தையை எந்த அறைக்குத் தூக்கிப்போனாலும் அந்த அறைக்கு மேலேயே.

அமாவாசை வந்தது. இலையில் வைத்த சோற்றை ஒரு காக்கையும் தொடவில்லை. எல்லாம் வேலியில் வரிசையாக உட்கார்ந்து, சாத்திய ஜன்னலையே பார்த்தன. சோறு வெயிலில் காய்ந்தது. கருணாகரன் முகம் வாடிப்போனான்.

"என்ன கொறையோ தெரியலயே. பேரனப் பாக்கணும்னு இருக்கோ?"

"ஜன்னலத் தொறக்காதீங்க," என்றாள் பூங்காவனம். "கும்புட்டுக் கேக்குறேன்."

அவன் தலையாட்டினான். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுவிடும் நேரம். வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பும்போது வேலியில் காக்கைகள் இல்லை. கூரையிலும் இல்லை. நகச் சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தாள்.

திறந்திருந்தது.

வாளி விழுந்தது. ஓடினாள். வாசற்படியில் கருணாகரன் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர்.

"சத்தம் போடாத. அப்பா வந்துட்டாரு."

தொட்டில் கயிறு நெடுகக் காக்கைகள். கட்டிலில், அலமாரியில், தரையில் காக்கைகள். ஒன்றும் கத்தவில்லை. குழந்தை பசியில் வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

அவள் திமிறினாள். பிடி தளரவில்லை. அலறினாள். ஒரு இறகும் அசையவில்லை.

தொட்டில் விளிம்பில் ஒன்று இறங்கியது.

ஒரு கண்ணால் பார்த்தது.

தலையைத் திருப்பியது. மறு கண்ணால் பார்த்தது.

தலை உள்ளே போனது.