ஓர் ஆளுக்குப் பருப்பு

அப்படி ஒரு மழை பெய்தால் கஹவத்தைக் கடைத்தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடுவதோடு சரி. அப்படித்தான் ஓடிவந்தாள் சுகந்தினி. பலசரக்குக் கடைப்படியில் ஏறியவள், சாக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற கடைக்காரன் யோகராஜ் மேலேயே மோதினாள். ஏசுவதற்கு வாயைத் திறந்தவன், அவள் நனைந்த கண்களைப் பார்த்துவிட்டு... ஏனோ ஒதுங்கி வழிவிட்டான்.

தடுமாற்றத்தை மறைக்க அவள் அவசரமாகச் சாமான்களைச் சொன்னாள். பருப்பு ஐந்து கிலோ, வெங்காயம் பத்து கிலோ, தேங்காய் இருபது.

"கல்யாண வீடுங்களா?" என்று சிரித்தான்.

"இல்லைங்க... ஒரு ஆளுக்கு. எனக்கு மட்டும்."

அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். அவள் கண்கள் நிரம்புவதைக் கண்டதும் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அவள் என்ன செய்வாள், பாவம்! அரநாயக்கவில் மலை சரிந்து, அப்பா அம்மா தம்பியோடு தோட்டத்து வீட்டு வரிசையான லயமே மண்ணுக்குள் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு பிள்ளைகள் இல்லம்தான் வீடு. அங்கே அவள் கற்ற சமையலெல்லாம் ஊருக்கே ஆக்கிப்போடுகிற சமையல். பதினெட்டு முடிந்தும் உதவியாளாக அங்கேயே தங்கிவிட்டாள். பதினெட்டானதும் வெளியேற வேண்டிய பிள்ளைகளோடு உட்கார்ந்து, எங்கே தங்குவது, என்ன வேலை, எந்த பஸ் என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்: "காய்ச்சல் வந்தா யாருக்குச் சொல்லுவ?" ஒரு பெயர் வரும்வரை விடமாட்டாள்.

இப்போது புதுப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கட்டில் போதவில்லை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயம்மா, அவள் முகத்தைப் பார்க்கவே முடியாமல் விஷயத்தைச் சொன்னார். ஒரு பழைய பெரிய பானையையும் கொடுத்தனுப்பினார். இருபத்தொரு வயதில் சுகந்தினி இறப்பர் தோட்டத்து ஓரமாக வாடகை அறை ஒன்றில் குடியேறி, அங்கிருந்தே இல்லத்து வேலைக்குப் போய்வந்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க யாரும் இருக்கவில்லை.

யோகராஜ் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒரு ஆளுக்கு இது ஒரு வாரத்துக்குக் காணும் என்றான். மறுநாளே அவள் உப்புக்கு வந்தாள். அடுத்த நாள் தீப்பெட்டிக்கு. "கல்யாண வீட்டம்மா வந்துட்டாங்க" என்று அவன் சீண்டுவான், அவள் முறைப்பாள். முறைத்துவிட்டு வீடு போகும் வழியெல்லாம் தனியாகச் சிரிப்பாள். இது நமக்கு ஆகுமா என்று மனசு கேட்கத்தான் செய்தது... அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடையில் அவன் இல்லை. அவன் அம்மா புஷ்பம் இருந்தார். நல்ல மனுஷிதான். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் மகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மகன் எங்கிட்ட சொல்லிட்டாம்மா. நீ நல்ல புள்ளதான். ஆனா வெத்தலத் தட்டோட பொண்ணு கேட்டு வாறதுன்னா, நாங்க யாரு வாசல்ல வந்து நிக்கிறது?"

மண்ணுக்குள் போன வாசலையா காட்ட முடியும்? சுகந்தினி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. அவன் இரண்டு தடவை இல்லத்து வாசலுக்கு வந்தான். இரண்டு தடவையும் இல்லையென்று சொல்லியனுப்பினாள். பரிதாபப்பட்டுக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வீம்பு.

அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்தது. தகரக் கூரை ஒழுக, பாயில் சுருண்டு கிடந்தாள். தன் கேள்வியே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அனுப்பிவைத்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு பெயர் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவள் விடவேண்டுமே என்பதற்காகச் சும்மா ஒரு பெயர் சொன்னவர்கள் எத்தனை பேரோ... பெயரா வந்து கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கும்? அவர்கள் எந்த அறையில் இப்படிக் கிடக்கிறார்களோ என்று நினைத்தபோது காய்ச்சலைவிட அதுதான் சுட்டது. வாய்விட்டு அழுதாள்.

மூலையில் அவன் கடைப்பை கிடந்தது. அதில் தொலைபேசி இலக்கம் அச்சடித்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"யாருங்க?" என்றான் யோகராஜ்.

"கல்யாண வீடுங்க..." என்றாள். "காய்ச்சலா இருக்கு. வேற யாருக்கும் சொல்லணும்னு தோணல."

அறைக்கு வழி கேட்டுக்கொண்டு, கசாயத்துக்குக் கொத்தமல்லிப் பையோடு நனைந்துகொண்டே வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, சம்மதிப்பாரா என்றும் தெரியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"காய்ச்சல்னு எனக்குத்தானே சொன்னீங்க. காய்ச்சல் விட்டாலும் எனக்குத்தான் சொல்லணும்... எப்பவும்."

முகத்தை மறைக்க அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். பழக்கதோஷத்தில் கொத்தமல்லி முழுவதையும் அந்தப் பெரிய பானையில் கொட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துவிட்டாள். அப்புறம்தான் அளவைக் கண்டாள். ஓர் ஆளாக வாழ இன்னும் தெரியவில்லையே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மழைக்கு முதுகைக் காட்டி நிலைப்படியில் உட்கார்ந்தான்.

"பரவால்லங்க. குடிச்சுத் தீர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

"அப்ப..." என்றாள் சுகந்தினி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "தீரவே வேணாங்க."