இரண்டு நிமிடம் நின்றவள்

"நீ கடைசியா எழுந்து நின்னது எப்பம்மா?"

மூன்று வாரத்துக்கு முன்னால் திவாகரன் அவளிடம் கேட்ட கேள்வி அது.

கேட்டுவிட்டுப் பேனாவை ஃபைலின் மேல் வைத்துக் காத்திருந்தான்.

லோகேஸ்வரிக்கு வயது இருபத்து நான்கு. பதினைந்தில் நரம்பு நோய் வந்தது. பள்ளிக்கூடம் போனது. சக்கர நாற்காலி வந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்...

நல்ல நாள் என்று எப்போதாவது ஒன்று வரும். அன்றைக்கு எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பாள். அப்புறம் இரண்டு நாள் படுக்கையை விட்டு அசைய முடியாது.

இதை எப்படிச் சொல்வது? ஊருக்குத் தெரிந்தது இரண்டே வகை. நடக்கிறவர்கள், நடக்காதவர்கள். நடுவில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அதுவும் அந்த நேரத்தில்!

மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரும் உதவிப் பணத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று எங்கும் பேச்சு. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று வீடு வீடாகப் பார்த்து எழுத ஒரு தனியார் கம்பெனி அனுப்பிய ஆள்தான் இந்தத் திவாகரன்.

அம்மா நாகமணி பின்னாலிருந்து அவள் தோளைக் கிள்ளினாள்.

"முடியாது சார்," என்றாள் லோகேஸ்வரி. "நிக்கவே முடியாது."

திவாகரன் தலையாட்டினான். நம்பிவிட்டான். என்னவோ எழுதினான்.

என்ன எழுதினான் என்று மட்டும் காட்டவில்லை!

*

இன்று.

காலை பத்தரை மணி. புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம்.

"அய்யய்யோ...! ஓடியாங்க! சன்னாசி தண்ணியில கிடக்குறாருலா...!"

தோட்டத்துக் கங்காணியான மண்டோர் அப்பளசாமியின் அலறல் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

கடைசி வீடு லோகேஸ்வரியுடையது.

அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. உருண்டு போன நாற்காலி எட்டடி தூரத்தில்... போன் அதன் மேல்.

நாகமணி ஓடி வந்தாள். மகளைப் பார்த்ததும் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"என்னடி இது! எப்படி விழுந்தே?"

"நின்னேம்மா... ஜன்னல் வழியா பார்த்தேன்..."

"என்னத்தை?"

"சன்னாசி மாமா தானா விழலம்மா. தள்ளி விட்டுட்டான்!"

"யாருடி?"

"திவாகரன்!"

நாகமணி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"நீ எதையும் பார்க்கல."

"அம்மா..."

"பார்க்கலன்னு சொல்றேன்லா! நின்னு பார்த்தேன்னு சொன்னா அடுத்த மாசத்துலேருந்து பணம் வராது. மருந்து? ஆஸ்பத்திரிக்குப் போற வேன்? யாரு கட்டுவா, உங்கப்பனா? அவர் போட்டோவுல இருக்காரு!"

"மாமா செத்துட்டாரும்மா."

"நாம இன்னும் சாகலடி!"

மகளைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள்.

சன்னாசிக்குப் பார்வை கிடையாது. சர்க்கரை நோயில் போன கண்கள். ஆனால் லயத்திலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான். பணத்தைக் குறைக்கக் கூடாது என்று ஒரு மனு எழுத வைத்து, வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினார். நேற்று மாலை லோகேஸ்வரிக்குப் போன் போட்டிருந்தார்.

"புள்ள, அந்த ஃபைல்காரன் பேசுனதை ரெக்கார்டு பண்ணிட்டேன். பத்துப் பேர்ல நாலு பேரை லிஸ்டுலேருந்து வெட்டினாத்தான் அவனுக்குக் கமிஷனாம். அவன் வாயாலயே சொல்றான்!"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா."

"சொல்லாம? நாளைக்கு அவனுக்கே போட்டுக் காட்டப் போறேன். முழிக்கிறதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கல, அவ்ளோதான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதினாறு மணி நேரம்தான் ஆயுள் பாக்கி இருந்தது.

*

பதினொன்றரை.

கோல சிலாங்கூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் இஸ்கந்தர் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் பின்னால்...

திவாகரன்!

அதே அடையாள அட்டை. அதே ஃபைல். தோளில் ஒரு கறுப்புப் பை. முகத்தில் எழவு வீட்டுக்கு ஏற்ற சோகம்.

"இவர் காலையில சன்னாசியைப் பார்த்திருக்காரு," என்றார் இஸ்கந்தர். "இந்த லயத்துல எல்லாரையும் தெரியுமாம். அதான் கூட்டிக்கிட்டு வந்தேன். தங்கச்சி, நீங்க ஏதாச்சும் பார்த்தீங்களா?"

அவள் வாயைத் திறக்கும் முன் திவாகரன் முந்திக்கொண்டான்.

"அவங்களைக் கேட்டு என்ன சார்? கால்வாயைப் பார்த்த ஜன்னல் சமையல்கட்டுல இருக்கு. அஞ்சடி உசரம். இவங்க வீல்சேர். பாவம்லா... கண்ணு தெரியாத மனுஷன், தவறி விழுந்துட்டாரு. நான் ஒம்பதரைக்கே கிளம்பிட்டேன், சேதி கேட்டுத்தான் திரும்பி வந்தேன். இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்."

நாகமணி மகளின் தோளை அழுத்தினாள்.

"ஆமா சார்," என்றாள் அவசரமாக. "இவ எதையும் பார்க்கல. எங்க பார்க்குறது?"

இஸ்கந்தர் நோட்டை மூடினார். திரும்பினார். ஓர் அடி வைத்தார்.

இன்னும் நாலு அடி வைத்தால் வாசல். அப்புறம் இது விபத்து!

"பார்த்தேன்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"பத்து மணிக்குப் பார்த்தேன் சார். 'என் போனைத் தரமாட்டேன்'னு மாமா கத்துனாரு. இவர் மாமாவோட தடியைப் பிடிச்சு இழுத்தாரு. தடியோட நுனியைப் பிடிச்சு இழுத்தா கண்ணு தெரியாதவங்களுக்கு எந்தப் பக்கம் போறோம்னே தெரியாது. கால்வாய் விளிம்பு வரைக்கும் இழுத்துட்டுப் போய், பாக்கெட்டுலேருந்து போனை எடுத்துக்கிட்டு... தள்ளிட்டாரு!"

நாகமணி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திவாகரன் சிரித்தான்.

"என்ன சார் கதை இது? எப்படிப் பார்த்தா, பறந்துக்கிட்டா?"

இஸ்கந்தர் சமையலறைக்குப் போனார். ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உட்கார்ந்துக்கிட்டுப் பார்க்க முடியாதே தங்கச்சி..."

"தெரியும் சார்."

லோகேஸ்வரி நாற்காலியை உருட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வந்தாள்.

"வேணாண்டி..." நாகமணியின் குரல் கெஞ்சியது.

தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். இரண்டாவது முறை... ஒரே நாளில் இரண்டு முறை அவள் நின்றதே இல்லை. கால்கள் தீப்பிடித்ததுபோல எரிந்தன. பல்லைக் கடித்தாள்.

எழுந்தாள்!

"அங்க... மஞ்சள் பெயிண்ட் அடிச்ச மரத்துக்குப் பக்கத்துல சார். அங்கதான்."

இஸ்கந்தர் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மஞ்சள் மரம் தெரிந்தது. சேற்றில் இரண்டு பேரின் தடங்கள்கூடத் தெரிந்தன.

திவாகரனின் முகம் வெளிறியது. ஒரு விநாடிதான். அடுத்த விநாடி விரலை நீட்டிக் கத்தினான்.

"பார்த்தீங்களா சார்? நடிப்பு! நிக்கவே முடியாதுன்னு என்கிட்ட சொன்னா! மூணு வாரம் முன்னாடி, இதே வீட்டுல! கவர்மெண்டையே ஏமாத்துறவ பேச்சை நம்பி என்னைக் குத்தம் சொல்றீங்களா?"

லோகேஸ்வரியின் முழங்கால் மடங்கியது. இஸ்கந்தர் சட்டென்று பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ரெண்டு நிமிஷம்தான் சார் நிக்க முடியும்," மூச்சு வாங்கியது அவளுக்கு. "அப்புறம் ரெண்டு நாள் எழுந்திரிக்க முடியாது. பணம் போயிடும்னு பயந்துதான் பொய் சொன்னேன். அது தப்புதான். ஆனா இது பொய் இல்ல."

இஸ்கந்தர் மெதுவாகத் திவாகரன் பக்கம் திரும்பினார்.

"முடியாதுன்னு சொன்னாங்க. நீங்க நம்பிட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா சார்!"

"அப்ப அப்படித்தான் எழுதியிருப்பீங்க. ஃபைலைக் கொடுங்க."

"அது... கம்பெனி ஃபைல் சார்..."

"கொடுங்கலா!"

பிடுங்கினார். புரட்டினார். நிறுத்தினார். மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் நிதானமாகப் படித்தார்.

"லோகேஸ்வரி... நிற்க முடியும், நடக்க முடியும். உதவித்தொகை தேவையில்லை."



நாகமணி தரையிலிருந்து எழுந்தாள். "நாசமாப் போறவனே! முடியாதுன்னு சொன்ன புள்ளையை நடக்குறான்னு எழுதியிருக்கியா? உன் முன்னாடி நாங்க பயந்து செத்ததெல்லாம் வீண்தானா?"

இஸ்கந்தர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இந்த முறை புருவம் உயர்ந்தது.

"சன்னாசி... பார்வை நன்றாக உள்ளது!"

திவாகரன் ஃபைலுக்குக் கை நீட்டினான்.

"கண்ணு நல்லாத் தெரியுற மனுஷன் பட்டப்பகல்ல எப்படி மிஸ்டர் தவறி விழுவாரு?"

"அது... டைப் பண்ணும்போது தப்பு..."

"பேனாவுல எழுதியிருக்கு!"

லோகேஸ்வரி தன் போனை எடுத்தாள்.

"சார், மாமாவோட போன் இவர்கிட்டதான் இருக்கு."

"அது செத்த போன்..." என்று ஆரம்பித்த திவாகரன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இஸ்கந்தர்.

"செத்துப் போகல சார்," என்றாள் லோகேஸ்வரி. "மாமா திரையை எப்பவும் இருட்டாத்தான் வச்சிருப்பாரு. அவருக்கு எதுக்கு வெளிச்சம்? பட்டனை அமுக்கினாலும் கறுப்பாத்தான் இருக்கும். பார்க்குறவங்க அணைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

எண்ணைத் தட்டினாள்.

ஒரு விநாடி... இரண்டு... மூன்று...

திவாகரனின் கறுப்புப் பைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று சொன்னது.

"லோகேஸ்வரி அழைக்கிறார்! லோகேஸ்வரி அழைக்கிறார்!"

அவன் வாசலை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் அப்பளசாமி நின்றிருந்தார். முப்பது வருஷம் செம்பனைக் குலை தூக்கிய தோள். திவாகரன் மோதிய வேகத்திலேயே உள்ளே வந்து விழுந்தான்.

விலங்கு பூட்டப்பட்டது.

நாகமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார்... இவளுக்குப் பணம் நின்னுடுமா?"

இஸ்கந்தர் தன் நோட்டைத் திறந்து காட்டினார்.

"அது என் கையில இல்லம்மா. பொய் சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். ஆனா தங்கச்சி சொன்ன ரெண்டு நிமிஷத்தையும் எழுதியிருக்கேன், ரெண்டு நாளையும் எழுதியிருக்கேன். யார் படிச்சாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்."

"அது போதும் சார்," என்றாள் லோகேஸ்வரி. கால்கள் மரத்துவிட்டிருந்தன. நாளை முழுக்கப் படுக்கைதான். நாளை மறுநாளும்.

இஸ்கந்தர் திவாகரனைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏதாச்சும் சொல்லணுமா?"

திவாகரன் ஃபைலைப் பார்த்தான். லோகேஸ்வரியைப் பார்த்தான். போலீஸ் காரில் போய் ஏறினான்.

என்ன சொல்வான்? அந்தத் தடித்த ஃபைலில் அவன் எழுதியதிலேயே ஒன்றே ஒன்றுதான் உண்மை, லோகேஸ்வரி நிற்பாள் என்பது. பாவம், அதையும் பொய் என்று நம்பித்தான் எழுதியிருந்தான்!