கிராம்பு மணக்கும் பதினொரு பெட்டிகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே நான்காம் மாடி ஷுக்ரி வாத்தியார் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படும் முன் எல்லாரிடமும் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? வாயிற்காவலர் இத்ரீஸிடம் கேட்டார். இரண்டாம் மாடித் தையற்காரரிடம் கேட்டார். மூன்றாம் மாடியில் என் கதவையும் தட்டி, "உம்மு ஃபாரூக், ஏதாவது மனசு நோகப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார். பதினாறு வருடமாக அவர் வீட்டு ஈரத்துணி என் பால்கனியில் சொட்டுவதை நினைவுபடுத்திவிட்டு, மன்னித்தேன். படிக்கட்டில் படுத்திருந்த பூனையின் முன்னால்கூட ஒரு நிமிடம் தயங்கி நின்றார். அதனிடமும் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கேட்காத ஒரே ஆள், அவர் மனைவி இன்ஸாஃப்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் சமையலறைகளை ஒட்டி ஒரு வெளிச்சக்குழி இருக்கிறது. நான்காம் மாடியில் கரண்டி விழுந்தால் மூன்றாம் மாடியில் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. காது இருக்கிறது, அது திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"சாயங்காலம் நான் தாந்தாவிலேர்ந்து திரும்பும்போது அந்தப் பெட்டிங்க இந்த வீட்ல இருக்கக் கூடாது!" என்று வாத்தியாரின் குரல் இறங்கி வந்தது. "ஆட்டக்காரியோட குப்பையை வீட்ல வெச்சுக்கிட்டு நான் எப்படி ஹஜ்ஜுக்குப் போவேன்?"

"ஹானி அப்பா... அவங்க உங்க அம்மா..." என்றாள் இன்ஸாஃப்.

"என் அம்மா தாந்தாவுல இருக்காங்க. ஹமீதா அத்தை. பெத்துப் போட்டா மட்டும் அம்மா ஆயிடுவாங்களா?"

கூடவே இன்னொரு குரல். ஹமீதா அத்தையின் மகள் ஸஃபீனாஸ். வாத்தியாருடன் ஒரே வீட்டில் வளர்ந்தவள், உடன்பிறந்த தங்கை மாதிரி. பயண மூட்டை கட்ட உதவி செய்கிறேன் என்று வந்து, மூட்டையைத் தவிர எல்லாவற்றிலும் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க வெகுளி. போன வாரம் கைப்பையோட ஒரு பொம்பளை ரெண்டு தடவை வந்துட்டுப் போனாளே, யாருன்னு அண்ணியைக் கேட்டீங்களா? அத்தனை போட்டோவும் பத்திரிகைக்குப் போகுது! இடுப்பு தெரியிற போட்டோ!"

"இன்ஸாஃப்! அந்த அம்மாவோட மானத்தைக் கூறு போட்டு விக்கிறியா நீ?"

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அழும்போது இன்ஸாஃப் குழாயைத் திறந்து விடுவாள் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

லவாஹிஸ் ஹில்மி என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் கை சும்மா இருக்காது, மேஜையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். கெய்ரோவில் அவள் ஆடாத மேடை கிடையாது. அவள் பெற்ற பிள்ளைதான் இந்த ஷுக்ரி. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை தன் தாயின் பெயரை வெளியில் சொல்ல மாட்டான். பள்ளிக்கூடத்தில் எவனாவது அதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கே அடிதடி. ஷுக்ரியின் தாயின் பெயரோ, ஆள் உயரச் சுவரொட்டியில் டிராம் நிறுத்தம்தோறும் இருந்தது! "ஆட்டக்காரி மகனே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பையனை ஒடித்துவிட்டார்கள். தகப்பன் செத்த வருடம், ஆறு வயதில், தாந்தாவில் அத்தை வீட்டுக்குப் போனான். தாய் வந்து பார்க்கவே இல்லை... அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும்தான்.

கிழவியாகி, கால் விழுந்து, லவாஹிஸ் மகன் வீட்டுக்கு வந்தாள். மகன் கடமைக்கு இடம் கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை. பதினொரு வருடம் தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் இன்ஸாஃப். லவாஹிஸ் இறந்து நான்கு வருடம் ஆகியும், அவள் வைத்துவிட்டுப் போன காகிதங்களை இவள் விடவில்லை. துருப்பிடித்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய துணி போட்டு, சூடு குறைந்த இஸ்திரிப் பெட்டியால் நீவி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பூச்சி வராமல் இருக்கக் கிராம்பு தூவி, மாக்ரோனி வந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கினாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஆனால் எந்தப் பெட்டியில் எது என்று பென்சிலில் குறித்திருந்தாள். ஒப்பந்தங்கள். ஆடுவதற்குப் போலீஸ் கொடுத்த அனுமதிச் சீட்டுகள், திருடியைப் பிடித்த மாதிரி ஒரு புகைப்படத்தோடு. மணி கோத்த உடுப்புகளின் வரைபடங்கள். மேளக்காரருக்கு எழுதிய சீட்டுகள்: 'நான் இடது தோளைத் தூக்கும்போது நிறுத்து. நான் இறக்கும்வரை மூச்சுகூட விடாதே.' இப்படிப் பதினொரு பெட்டிகள். அவற்றுக்காகத் தன் துணி அலமாரியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, தன் உடைகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டவள் அவள்.

வாத்தியார் ரயிலுக்குப் போனார். அத்தையிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமே! ஸஃபீனாஸ் காவலுக்கு முன்னறையில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு என் சமையலறை ஜன்னலுக்கு முன்னால் ஒரு கூடை வந்து தொங்கியது. கீரைக்காரனிடம் கீரை வாங்கக் கயிற்றில் இறக்குவார்களே, அந்தக் கூடை. உள்ளே வெள்ளைத் துணி மூட்டை. மேலே பார்த்தேன். இன்ஸாஃபின் முகம் சிவந்து வீங்கியிருந்தது.

"உம்மு ஃபாரூக் அக்கா..." கிசுகிசுப்பாக. "வாங்கி உள்ள வெய்யுங்க. ஒண்ணும் கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

என்னிடம் போய் இதைக் கேட்கிறாள் பாருங்கள்! வேறு வழியே இல்லாதவள்தான் அப்படிக் கேட்பாள். வாங்கினேன்.

கூடை நாற்பத்திரண்டு தடவை இறங்கியது. முன்னறையிலிருந்து ஸஃபீனாஸ், "அண்ணி, இவ்வளவு நேரமா என்ன சமையல்?" என்று கத்தினாள். "முலூக்கியாக் கீரை!" என்று இவளும் கத்தினாள். இருபதாவது தடவையோ என்னவோ, கயிறு கையிலிருந்து வழுக்கிவிட்டது. கூடை சரிந்தது, என் நெஞ்சும் சரிந்தது. "ஹா!" என்று இன்ஸாஃப் மூச்சை இழுத்த சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. நல்லவேளை, ஜன்னல் கம்பியில் கயிறு சிக்கி நின்றது.

முலூக்கியாவில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது வீட்டுக்காரி அப்படி மூச்சை இழுத்தால்தான் ருசி வரும் என்பது எங்கள் வழக்கம். ஸஃபீனாஸுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"மூச்சு இழுத்ததைப் பார்த்தா கீரை பிரமாதமா இருக்கும் போலிருக்கே அண்ணி!" என்றாள், முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை.

நண்பகலில் தெருவில் "ரோபாபேக்யாஆஆ!" என்று பழைய சாமான் வண்டிக்காரரின் குரல். ஸஃபீனாஸே அவரை மேலே கூப்பிட்டு, ஒட்டி வைத்திருந்த பதினொரு பெட்டிகளையும் தூக்கிக் கொடுத்தாள். கழுதை வண்டி ஆடி ஆடிப் போனது. நான் பால்கனியில் நின்று பார்த்தேன், பொறுமையாக, வாயை மூடிக்கொண்டு. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான்கு மணிக்கு வாத்தியார் திரும்பினார். படியேறவில்லை, ஓடினார். ஐம்பத்திரண்டு வயது ஆள், சட்டைப் பொத்தான் அவிழ்ந்து, கையில் நசுங்கிய தாந்தா அல்வாப் பெட்டியோடு. நானும் ஏதோ உப்பு வாங்கப் போகிற மாதிரி பின்னாலேயே ஏறினேன்.

"பெட்டிங்க எங்கே?"

"அனுப்பிட்டேன் அண்ணே! வீடு சுத்தமாயிடுச்சு!" என்றாள் ஸஃபீனாஸ் பெருமையாக.

வாத்தியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை காலைத் தொட்டு, மன்னிச்சிடுங்கன்னு கேட்டேன்... அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க! 'நீ கேக்காதேடா, நான்தான் உன்கிட்ட கேக்கணும். கேக்காம செத்தா எனக்குக் கதி இல்லே'ங்கறாங்க... வந்தாளாம் இன்ஸாஃப்! எங்கம்மா வந்தாளாம்! வெள்ளிக்கிழமை தவறாம, ஒன்பது வருஷம்! கறுப்புப் போர்வை போத்திக்கிட்டு, தொழுகை முடிஞ்சு நான் பந்து விளையாடுற மைதானத்துக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்துட்டுப் போவாளாம்! 'பையன் கண்ணுல பட்டா அவனை இங்கே வெச்சுக்க மாட்டேன்'னு அத்தை மிரட்டிச் சத்தியம் வாங்கிட்டாங்களாம்... நான் அவளைப் பார்த்திருக்கேன் இன்ஸாஃப்! ஒரு தடவை பந்து அவ கால்ல போய் விழுந்துச்சு. எடுத்துக் கொடுத்தா. ஒரு வார்த்தை பேசலை! ஊமைன்னு நெனச்சேன்..."

ஸஃபீனாஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சொன்னது அவளைப் பெற்றவள் அல்லவா?

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் வாத்தியார்.

"தெரியும்" என்றாள் இன்ஸாஃப்.

"தெரியுமா! இத்தனை வருஷம் நான் அவளை ஏசும்போதெல்லாம்... உன்னை ஏசும்போதெல்லாம்..."

"சாகறதுக்கு முந்தி என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. 'ஹமீதா இருக்கிறவரைக்கும் சொல்லாதே. அவனுக்குன்னு இருக்கிறது ஒரு அம்மா. அவளையும் அவன்கிட்டேர்ந்து பிடுங்கிடாதே'ன்னாங்க. நான் எப்படிச் சொல்வேன்?" அவள் குரல் உடையவில்லை. குழாயையும் தேடவில்லை. "காகிதத்தைப் பத்திரமா வெச்சா, ஒரு நாள் அது சொல்லட்டும்னு வெச்சேன்."

எனக்கே தெரியாத ஒரு விஷயம் இந்தக் கட்டடத்தில் நான்கு வருடமாக இருந்திருக்கிறது! அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

வாத்தியார் எழுந்து தெருவுக்கு ஓடினார். மூலையில் விதை விற்கிறவன் புதுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான், பழைய சாமான்காரரிடம் அப்போதுதான் வாங்கிய காகிதத்தில். வாத்தியார் அவன் கையிலிருந்து பிடுங்கினார். வறுத்த விதைகள் தெரு முழுக்கச் சிதறின. பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே ஒரு கோல்கீப்பர் பாய்ந்துகொண்டிருந்தார்.

இன்னொரு பொட்டலம். பெனால்டி உதை. இன்னொன்று. கோப்பையோடு கேப்டன். இருபது வருடமாக வாத்தியார் யாரையும் தொடவிடாமல் சேர்த்து வைத்திருந்த கால்பந்துப் பத்திரிகைகள்! அண்ணாந்து பார்த்தார். நான்காம் மாடிப் பால்கனியில் இன்ஸாஃப் நின்றாள். விரலை மட்டும் கீழே, என் வீட்டுப் பக்கம் காட்டினாள்.

அந்த மனிதர் நடுத்தெருவில் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். விதைக்காரன் பயந்து கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

என் முன்னறைத் தரையில் உட்கார்ந்து, கிராம்பு மணக்கும் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் ஒப்பந்தத்திலேயே, அச்செழுத்துக்குக் கீழே, மையால் எழுதிய ஒரு நிபந்தனை: 'வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முன் ஒத்திகையும் இல்லை, ஆட்டமும் இல்லை.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். ஒன்பது வருட ஒப்பந்தங்கள், எல்லாவற்றிலும். நிபந்தனைக்கு ஒப்பாத பெரிய படக் கம்பெனி ஒன்றின் கடிதத்தில், குறுக்கே அவள் கையெழுத்து: 'முடியாது.' கடைசி மூட்டையில், தடித்த அட்டை ரயில் டிக்கெட்டுகள், நூலில் கோத்து, தஸ்பீஹ் மணிமாலை மாதிரி. கெய்ரோ, தாந்தா. கெய்ரோ, தாந்தா.

வாத்தியார் அதைக் கையில் எடுத்து, மணி மணியாக விரலால் நகர்த்தினார்.

மறுநாள் கைப்பைப் பெண்மணி வந்தாள். பத்திரிகைக்காரி இல்லை, ஆவணக் காப்பகத்து அதிகாரி டாக்டர் இஜ்லால். மகனின் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுக் காகிதமும் எடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இரண்டு தடவையும் வந்திருக்கிறாள். மூட்டைகளைப் பிரித்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய பெரிய தியேட்டர்காரங்களே இந்தக் காலத்துக் காகிதத்தை எல்லாம் எலிக்குப் போட்டுட்டாங்கம்மா. யார் உங்களுக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. கம்பளிச் சட்டைக்கு என்ன பண்ணுவோமோ அதைத்தான் பண்ணேன்" என்றாள் இன்ஸாஃப்.

"எங்க மாடியில ஒரு அறை ஒதுக்கறோம். வாசல்ல ரெண்டு பேரு எழுதியிருக்கும். ஆடினவங்க பேரு. காப்பாத்தினவங்க பேரு."

ஸஃபீனாஸ் அப்போதுதான் மூலையிலிருந்து வந்தாள். "அண்ணி... என் வாய் இருக்கே, அது அழுகிப் போகட்டும்..." என்று இன்ஸாஃபின் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள்.

"அழுகிப் போக வேணாம். குலவை போடறதுக்கு வேணும்" என்றாள் இன்ஸாஃப்.

போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! எதிர்க் கட்டடத்து ஜன்னல்களெல்லாம் திறந்தன.

புறப்படும் நாள் காலை, கட்டடத்து முகப்பில் ஓவியக்காரர் விமானமும் கஃபாவும் வரைந்துகொண்டிருந்தார். ஹஜ் முடித்து வந்தவர் வீட்டு முகப்பில் இப்படி வரைவது எங்கள் வழக்கம்; திரும்பி வரும்வரை காத்திராமல் முன்னாலேயே வரவழைத்தது வாத்தியார்தான். கீழே எழுத வேண்டியதை அவரே நின்று சொன்னார். ஓவியக்காரர் தூரிகையை இறக்கிவிட்டு, "வாத்தியாரே, நிச்சயமாத்தான் சொல்றீங்களா? தெருவே படிக்குமே!" என்றார்.

"படிக்கட்டும்னுதான் எழுதச் சொல்றேன். பெரிசா எழுது."

இன்றைக்கும் எங்கள் வாசலில் அது இருக்கிறது, பச்சை வண்ணத்தில், டிராமிலிருந்தே தெரியும்: 'லவாஹிஸின் மகன் ஹாஜி ஷுக்ரி.'

பிறகு அவர் மாடியேறி, இன்ஸாஃபின் முன்னால் நின்றார். நான் பயணத்துக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கப் போயிருந்தேன், தற்செயலாக.

"எல்லார்கிட்டயும் கேட்டேன். உன்கிட்ட கேக்கலை..." என்று ஆரம்பித்தார். வாய் கோணியது. "என்னை மன்னிப்பியா இன்ஸாஃப்?"

அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"வாயால கேட்டா காத்தோட போயிடும். எழுதிக் கொடுங்க. தேதி போடுங்க."

வாத்தியார் குனிந்து எழுதினார், பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு. அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மடிக்கவில்லை. வெள்ளைத் துணியில் வைத்து, இரண்டு கிராம்பு போட்டு, டாக்டர் இஜ்லால் எடுத்துப்போக வைத்திருந்த கடைசிப் பெட்டியின் உச்சியில் வைத்தாள். அப்புறம்தான் கணவரின் தோளில் முகத்தைப் புதைத்தாள். பதினைந்து வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். குழாய் மூடியே இருந்தது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று இந்தத் தெருவே என்னைக் கேட்டுவிட்டது. படித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் காப்பகத்துக்குப் போய், வாசலில் உள்ள இரண்டு பெயரையும் படித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.