எழுப்பாத காலை

காலை ஆறு மணிக்கு மகனின் அறையில் போன் அலாரம் அடித்தது. அடித்த வேகத்திலேயே அடங்கியும் போனது. அடுப்பில் சோள மாவு ரொட்டியான அரேப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்த நொயேலியா கையை அப்படியே நிறுத்திக் காது கொடுத்தாள். கட்டில் கிரீச்சிடுமா... கதவு திறக்குமா... ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷத்தில் குறட்டைச் சத்தம்தான் வந்தது.

ஏழரைக்கு மண்ணியல் பரீட்சை. மலை நகரமான மனிசாலஸின் அந்தச் செங்குத்துத் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இப்போது எழுப்பினால் சரியாக இருக்கும். அவன் அறைக்குப் பத்தே எட்டுதான் வைக்கவேண்டும். இருபது வருஷமாக அவள் நடந்த பத்து எட்டு!

கால்கள் தாமாகக் கூடம்வரை போயின, திரும்பி வந்தன. மறுபடி போயின. மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே இன்னொரு தரம் துடைத்தாள்.

"என்ன இப்படி அலையற? பையனை எழுப்பு, நேரமாகுதுல்ல!" என்றாள் ஒத்திலியா.

ஒத்திலியா நொயேலியாவின் கணவனுக்கு அக்கா. அறுபது வயது. கல்யாணமே செய்துகொள்ளாமல் இந்தக் குடும்பத்துக்கு உழைத்தவள். அப்போதுகூட அவள் தன் கடைசித் தம்பி ரூபியேலின் தட்டில் பாலாடைக்கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரூபியேலுக்கு நாற்பத்து நாலு வயது. எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்கியதில்லை.

"நான் எழுப்பல, அண்ணி."

"என்னது?"

"எழுப்ப மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லி மூணு வாரம் ஆச்சு."

"விளையாடாதே நொயேலியா... இன்னிக்குப் பரீட்சை!"

"அவனோட பரீட்சை, அண்ணி."

ஒத்திலியா கத்தியை டக்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். நொயேலியா குறுக்கே போய் நின்றாள். "மாதா பேரைச் சொல்லிக் கேக்கறேன்... போகாதீங்க."

கல்யாணமாகி வந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் யார் வழியையும் மறித்ததில்லை. அந்தத் திகைப்பிலேயே ஒத்திலியா நின்றுவிட்டாள். "கல் நெஞ்சுடி உனக்கு! இந்தப் பரீட்சை போச்சுன்னா பாவம் உன் தலையிலதான்... ஞாபகம் வச்சுக்கோ!"

கல் நெஞ்சா? நொயேலியா திரும்பி நின்று அரேப்பாவைப் பார்த்தாள். ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது.

மகன் யாமித் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். கைக்குள் அடங்கும் பிள்ளை; மூச்சு விசில் அடிக்கும். அப்போது நொயேலியா நர்ஸ் படிப்பில் இரண்டாவது வருஷம். வெள்ளை உடுப்பை மடித்து வைத்தவள்தான், அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மகனின் மூச்சை எண்ணுவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடப் பையைத் தூக்கினாள். வீட்டுப்பாடத்துக்கு அட்டை வெட்டினாள். அவன் கல்லூரி சேர்ந்த பிறகும் பாடங்களைப் பதிவு செய்வதிலிருந்து சாக்ஸ் தேடுவதுவரை எல்லாம் அவள்தான். போன வருஷம் அவன் ஒரு பரீட்சையைத் தூங்கித் தவறவிட்டபோது, பேராசிரியர் ஒசோரியோவின் அறைக்கே போய், "ராத்திரி முழுக்க மூச்சுத் திணறல் சார்" என்று பொய் சொல்லி மறுபடி எழுத வைத்தாள். அந்த மனிதர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். எதற்கு அந்த இரக்கம் என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் புது டாக்டர் அம்மா, "என்ன மருந்து எடுக்கறீங்க?" என்று யாமித்தைக் கேட்டாள். அவன் திரும்பி, "அம்மா?" என்றான். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" "அம்மா?" "கடைசியா எப்போ திணறல் வந்தது?" "அம்மா?" டாக்டரின் பேனா நின்றது. "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றாள் மரியாதையாக. கதவு மூடியது. உள்ளே மகன் பதில் சொல்லுவான் என்று நொயேலியா காத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியில் கைப்பையோடு நடைவழியில் உட்கார்ந்தபடி மூடிய கதவையே பார்த்தாள். நாளைக்கே எனக்கு ஒன்று ஆகிவிட்டால்... இவன் யாரைத் திரும்பிப் பார்ப்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனை உட்காரவைத்துச் சொன்னாள். துணி துவைக்கும் மெஷினைக் காட்டிக்கொடுத்தாள். மருந்துச் சீட்டை அவன் கையில் வைத்தாள். இனி எழுப்பமாட்டேன், கல்லூரிக்கு வந்து யார் முன்னாலும் நிற்கமாட்டேன் என்றாள். அவன் சிரித்து, அவள் நெற்றியில் முத்தம் கொடுத்து, "சரி மகாராணி!" என்றான். அவ்வளவுதான். நம்பவே இல்லை.

எட்டரை மணிக்கு அறைக்கதவு படாரென்று திறந்தது.

"அம்மா! மணி என்ன தெரியுமா? ஏன் எழுப்பல?"

"அலாரம் அடிச்சுதே, கண்ணு."

"அடிச்சா? நீ முழிச்சுக்கிட்டு இருந்துமா எழுப்பல? வேணும்னே விட்டியா?"

"ஆமா" என்றாள்.

ஒத்திலியா மார்பில் அடித்துக்கொண்டாள். "கேட்டியா தங்கம்! பெத்த தாய் பேசற பேச்சா இது!" அந்த நேரம் பார்த்து முதல் சவாரியை முடித்துக்கொண்டு நொயேலியாவின் கணவன் ஆர்செசியோ ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப். பேச்சுக் குறைந்த மனிதன். அக்கா எல்லாவற்றையும் கொட்டி முடித்ததும் மனைவியைப் பார்த்தான்.

"ஒரு குரல் கொடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும், நொயே?"

நாத்தனாரின் நூறு வார்த்தை குத்தாத இடத்தில் அது குத்தியது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள் ஒத்திலியா. "இவ போய் அந்த வாத்தியார்கிட்ட மூச்சுத் திணறல்னு சொல்லட்டும். போன தடவை சொன்னாளே!"

"சொன்னேன். அது பொய். இனிமே சொல்லமாட்டேன், அண்ணி."

"அப்ப நான் போறேன்!"

"நீங்களும் போகக்கூடாது."

யாமித்தின் முகம் வெளுத்தது. "நான் உனக்குப் பாரமாயிட்டேன். அதை நேரா சொல்லிடேன்மா... எதுக்கு இந்த நாடகம்?"

"பாரமா? நீயா?" அவள் கை நீட்டினாள். அவன் தட்டிவிட்டுப் போனான். தெருக்கதவு அறைந்த சத்தத்தில் சுவரில் இருந்த மாதா படம் ஆடியது.

அவன் அறைக்குள் போன நொயேலியா கட்டிலில் கிடந்ததைப் பார்த்து அலறிவிட்டாள். இன்ஹேலர்! எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினாள். ஈரத் தெரு; இரண்டு இடத்தில் வழுக்கியது. முனைக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கை காட்டினாள், கத்தினாள். வளைவில் அது மறைந்தது.

அவன் போனும் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. ஆர்செசியோ ஜீப்பில் பல்கலைக்கழக வாசல்வரை போய் வந்தான், நண்பர்கள் வீடு இரண்டுக்குப் போய் வந்தான். "காணோம்" என்றான். மதியம் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பனி இறங்கினால் அவனுக்கு நெஞ்சு இறுகும். நொயேலியாவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்குப் போனாள். ஜன்னலுக்கு வந்தாள். கையில் இருந்த இன்ஹேலர் வியர்வையில் நழுவியது.

"புள்ளைக்கு ஏதாவது ஆச்சு... உன் முகத்துல முழிக்கமாட்டேன்!" ஒத்திலியா ஜபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதாள். "அன்பு இருந்தா இப்படிச் செய்வியா?"

நொயேலியா அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள். டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே கேட்ட அந்த நிசப்தத்தைச் சொன்னாள். "அவன் வாயில பதில் இல்ல அண்ணி... இருபது வருஷமா அவனுக்குப் பதிலா நானே பேசிப் பேசி, அவன் குரலை நானே எடுத்துட்டேன். எனக்கு அவன் மேல அன்பு இல்லேன்னா, இன்னிக்குக் காலையில எழுப்பியிருப்பேன். எழுப்பறது எவ்வளவு சுகம் தெரியுமா எனக்கு!"

ஒத்திலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளிருந்து ரூபியேல் எட்டிப் பார்த்தான்.

"அக்கா... இன்னிக்குச் சாப்பாடு உண்டா, இல்லையா?"

அடுப்பின் மேல் பீன்ஸ் பானை இருந்தது. சூடாகத்தான் இருந்தது. கரண்டி அதற்குள்ளேயே இருந்தது. ஒத்திலியா பானையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் நரைத்த தலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஜபமாலை மடியில் நழுவி விழுந்தது.

ஐந்தரைக்கு யாமித் வந்தான். நனைந்திருந்தான், நடந்தே ஏறி வந்திருந்தான். நொயேலியா பாய்ந்து போய் அவன் மார்பில் காது வைத்தாள். மூச்சு சீராக இருந்தது.

"மருந்து இருக்கும்மா" என்று சட்டைப்பையிலிருந்து புது இன்ஹேலரை எடுத்துக் காட்டினான். "பஸ்ஸை விட்டு இறங்கி மேடு ஏறும்போதே இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரையே பார்த்தேன். எழுதிக் கொடுத்தாங்க. நானே வாங்கினேன்."

"பரீட்சை?" என்றான் ஆர்செசியோ.

"ஒசோரியோ சாருக்காக மூணு மணி நேரம் அறை வாசல்ல நின்னேன்ப்பா. தூங்கிட்டேன்னு சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார். 'உங்க அம்மா வெளியே நிக்கறாங்களா?'ன்னு கேட்டார்." அவன் உதடு துடித்தது. "கிண்டலா கேக்கல... நிஜமாவே கேட்டார். செத்துடலாம் போல இருந்துச்சு. இல்ல சார், நான் மட்டும்தான் வந்திருக்கேன்னேன். அப்பத்தான் நாற்காலியைக் காட்டி உக்காருன்னார்."

"எழுத விட்டாரா?"

"இல்ல. இந்தப் பாடம் போச்சு. அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும்."

"நாளைக்கு நான் வந்து..." என்று ஒத்திலியா பழக்கத்தில் ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அத்தை. நான்தானே தூங்கினேன்." அவன் தாயிடம் திரும்பினான். "காலையில பாரம்னு சொன்னேன்ல... அது... அம்மா..." அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நொயேலியா ஈரத் தலையைத் துவட்டத் துணி எடுக்கக்கூட நகரவில்லை; பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஒத்திலியா எழுந்து வந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது.

"எங்கம்மா சாகும்போது ரூபியேலுக்கு ஒன்பது வயசு, நொயேலியா. என்னைப் பெண் கேட்டு வந்தவனை அவனுக்காகத்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு தம்ளர் கழுவ விடல அவனை. அவனுக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருந்துச்சு... அன்பு அன்புன்னு நான்தான் கட்டிப்போட்டேன். நான் போயிட்டா அவனுக்கு யாரு?" குரல் உடைந்தது. "உன்னைக் கல் நெஞ்சுன்னேன். அந்தத் தைரியம் எனக்கு இல்லாமப் போச்சேடி... என்னை மன்னிச்சுடு."

"அண்ணி... அப்படிச் சொல்லாதீங்க!" நொயேலியா அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆர்செசியோ பக்கத்தில் நின்றான். தயங்கித் தயங்கி மனைவியின் தோளில் கை வைத்து, "நான் கேட்டதும் தப்புதான், நொயே" என்றான்.

ஜனவரியில் யாமித் களப்பயிற்சிக்காக சலமினா என்ற ஊருக்குப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குப் போனான். ஆறு மாதம் அங்கேயே தங்கவேண்டும். பெட்டியை அவனே கட்டினான். கை துறுதுறுக்குமென்று பயந்து நொயேலியா அந்த நேரம் முழுக்கக் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் கட்டில் மேல் கம்பளி கிடந்தது! மலையில் குளிருமே... அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆர்செசியோவிடம் கொடுத்தனுப்பலாமா என்று நாலு முறை வாயெடுத்தாள். கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. காப்பி இலையில் துருநோய் விழுந்திருப்பதைப் பற்றிச் சொன்னான். சமைக்கத் தெரியாமல் மூன்று நாள் முட்டையே தின்றதைச் சொல்லிச் சிரித்தான். அறையில் இருப்பவர்களில் தான்தான் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்புவதாகச் சொன்னான். ஒன்றையும் கேட்கவில்லை, அனுப்பச் சொல்லவில்லை. பேச்சு முடியப்போகிறது என்று அவள் நினைத்த நேரத்தில் கொஞ்சம் நிறுத்தி, கூச்சத்தோடு கேட்டான்:

"நீ எப்படிம்மா இருக்கே?"

இருபது வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நொயேலியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. "அம்மா? லைன்ல இருக்கியா?" என்று அவன் பதறுவது கேட்டு ஒத்திலியா வந்து போனை வாங்கினாள்.

"அழுதுக்கிட்டு இருக்கா, கண்ணு" என்றாள். "நல்லா இருக்கா!"