முகம் தேடும் கட்டம்

பச்சைக் கட்டம் மறுபடியும் ஆளில்லாத இடத்தில் போய் நின்றது.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடி. மாடல் பெண்கள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் என்று எதைக் கண்டாலும் தாவிப் பிடிக்க வேண்டிய அந்தக் கட்டம், கேமராத் திரையில் அவர்களை எல்லாம் விட்டுவிட்டு, சுவர் மூலைக்குப் போய் இடுப்பு உயரத்தில் அசையாமல் நின்றது. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தால் அவள் முகம் எங்கே இருக்குமோ, சரியாக அங்கே. அனுப்ரியா கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தாள். காலி மூலை. புதுப்புடவைக் கஞ்சியின் வாசனை. கீழே தெருவில் ஆட்டோக்களின் ஹாரன் சத்தம். வேறொன்றுமில்லை.

கொள்ளேகால் கல்யாணத்தில் மணமேடையின் ஓரம் இப்படித்தான் நின்றது. மடிக்கேரியில் காப்பித் தோட்டத்து விடுதியைப் படமெடுக்கப் போனபோது, மழையில் நனைந்த செடிகளுக்கு நடுவே நின்றது. கேமராவைப் பழுது பார்க்கிறவர் கழற்றி மாட்டிவிட்டு, "ஒரு கோளாறும் இல்ல மேடம். நிழலப் பாத்து முகம்னு ஏமாந்துடும், அவ்ளோதான்" என்றார்.

நிழல் எல்லா ஊருக்கும் பின்னாலேயே வருமா என்று அவள் கேட்கவில்லை. இது எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

அனுப்ரியா மண்டி மொஹல்லாவில் வளர்ந்தவள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் படமெடுத்துப் பிழைக்கிறவள். சொந்தங்கள் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்தில் இருக்கிறார்கள். போன மாதம் அங்கே மஞ்சள் அறுவடையைப் படமெடுக்கப் போனபோது, பூவாத்தாள் என்ற பெண்மணி காட்டு வழியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மணி, நீங்க மைசூருங்களா? எம் புள்ள போட்டோ எங்கயாச்சும் கெடைக்குமுங்களா? ஊட்டுல ஒண்ணுகூட இல்லீங்க."

அவள் மகள் பூங்குழலி மைசூரில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாள். வீட்டுக்காரர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று சங்கிலி ஒன்றைக் காணோம் என்றார்கள். திரும்பி வருவதற்குள் உண்மையைச் சொல்லத் தோன்றும் என்று பெண்ணை ஓர் அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்கள் என்று பக்கத்து வீட்டு வேலைக்காரர்கள் பின்னால் பூவாத்தாளிடம் சொன்னார்களாம்.

"ஒரு சொம்பு தண்ணி வெக்கலீங்க அம்மணி. வலிப்பு வந்து செத்துப்போட்டாள்னு எங்ககிட்டச் சொன்னாங்க. உதடெல்லாம் வெடிச்சுக் கெடந்துது. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?"

மகளைப் புதைத்த மேட்டின் பக்கத்தில் பூவாத்தாளை நிற்கவைத்து அனுப்ரியா ஒரு படம் எடுத்தாள். அப்போதுதான் கட்டம் முதல்முறையாகத் தாயின் முகத்தை விட்டு இறங்கி, அவள் காலடியில் வெறும் மண்ணுக்கு மேலே போய் நின்றது.

புடவைக் கடைக்கு அடுத்து வந்த வேலை மைசூர் யாதவகிரியில். கிருஷ்ணராஜ் என்பவர் தன் பழைய பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். ஒவ்வோர் அறைக்கும் படம் வேண்டும். அவள் போய்ச் சேர்ந்தபோது சாமுண்டி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, பகல் பொழுதே மங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் புதுச் சுண்ணாம்பும் ஊதுபத்தியும் மணத்தன. அந்த மணத்துக்கு அடியில் வேறொரு நெடி இருந்தது. வெகுநாள் மழை காணாத கிணற்றை எட்டிப் பார்த்தால் மூக்கில் ஏறுமே, அதுபோல ஒரு வறண்ட நெடி.

"சுவல்ப சீக்கிரம் முடிம்மா. மழைக்கு முன்னாடி வெளிப் போட்டோவும் எடுத்திரு" என்றார் கிருஷ்ணராஜ். கன்னடம் கலந்த தமிழ். நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார்.

கூடத்தில் கேமராவைத் தூக்கியதும் கட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அது உட்காரவில்லை.

நகர்ந்தது.

சோபாவைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, மாடிப்படியின் கீழே நுழைந்து போயிற்று. இருட்டிலும் இந்த வீட்டில் கால் இடறாமல் நடக்கப் பழகியவளைப் போல. அனுப்ரியா பின்னாலேயே போனாள். கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய்விடும். அதனால் எடுக்கவும் பயமாக இருந்தது. சமையலறை வாசலைக் கடந்து, நடையின் கடைசியில் இருந்த ஒரு தேக்குக் கதவின் முன்னால் கட்டம் தாழ்ந்து நின்றது.

"அது தியான ரூம்" என்றார் கிருஷ்ணராஜ் பின்னாலிருந்து. "முன்னாடி ஸ்டோர் ரூமா இருந்தது. நீ போய்ப் பாரு, நான் ஒரு போன் பேசிட்டு வர்றேன்."

ஜன்னல் இல்லாத அறை. ஒரு பாய், ஒரு பித்தளை விளக்கு, வெள்ளைச் சுவர். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுந்தான். கதவின் உட்பக்கம் கீழே மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தது. குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தாள். பெயின்ட்டுக்கு அடியில் கோடுகள். ஒன்றையொட்டி ஒன்றாக, மேலிருந்து கீழாக. அவள் விரல்கள் அந்தக் கோடுகளில் கச்சிதமாகப் பொருந்தின.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சமையல்காரி சென்னம்மா அப்போதுதான் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சென்னம்மா, இங்க உங்களுக்கு முன்னாடி யாரு வேலை செஞ்சாங்க?"

சென்னம்மா நடையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உங்க தமிழ்ப் பொண்ணுதான் அக்கா. மார்டள்ளிப் பக்கம். செத்துப் போச்சு, பாவம். அந்த ரூம்ல நான் குப்பைகூடப் பெருக்க மாட்டேன்."

அனுப்ரியாவின் பயம் அந்த இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் கோபம் ஏறியது. காட்டு வழியில் தன் கையைப் பிடித்த அந்தக் காய்ப்பேறிய கை. ஒரு சொம்பு தண்ணி வெக்கலீங்க அம்மணி.

நடைக்குத் திரும்பி வந்தாள். அறைக்கு நேராக முக்காலி ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினாள். கிருஷ்ணராஜ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், உள்ள போய் உக்காருங்க. ஆள் இருந்தாத்தான் ரூம் எடுப்பா இருக்கும்."

"நான் எதுக்கும்மா? சும்மா ரூம எடு."

"தியானம் பண்ற மாதிரி ஒரே ஒரு போட்டோ சார்."

அவர் வாசற்படியில் தயங்கினார். சொந்த வீட்டு அறைக்குள் நுழைய ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் தயங்குவானா? பிறகு சிரித்து மழுப்பிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தார். கட்டம் அவர் முகத்தைப் பிடித்தது. ஒரு கணந்தான். அவரை விட்டுவிட்டுப் பின்னால் மூலைக்குப் போயிற்று. அங்கே நின்றது. காத்துக்கொண்டு.

வெளியே வாங்க சார் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"கொஞ்சம் பின்னாடி போங்க சார்" என்றாள் அனுப்ரியா.

அவர் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் முதுகு மூலையைத் தொட்டது. முகம் மாறியது. யாரோ காதோரம் மூச்சு விட்டதுபோலக் கழுத்தைத் திருப்பினார்.

கதவு சாத்திக்கொண்டது. காற்றில்லை. யாரும் தொடவில்லை. வெளித் தாழ்ப்பாள் மெல்லச் சறுக்கிக் கொண்டியில் விழுந்தது.

"ஏய்! ஏனம்மா இது? கதவத் தெற!"

தட்டும் சத்தம் முதலில் தலை உயரத்தில் கேட்டது. அனுப்ரியா தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவளே நிறுத்தினாளா, வேறெதுவும் நிறுத்தியதா என்று பின்னாளில் எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுச் சென்னம்மா ஓடி வந்தாள். கதவைப் பார்த்தாள். அனுப்ரியாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றுவிட்டாள்.

"தெறம்மா... நீரு... நீரு கொடு..."

கதவு சாத்தி முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை. அதற்குள்ளா தண்ணீர் கேட்கிறார்?

கதவின் அடியில் இருந்த சந்து வழியாக விரல்கள் வெளியே வந்தன. வெட்டிச் சுத்தம் செய்த நகம். பச்சைக்கல் மோதிரம். சிவப்புத் தரையை அவை தட்டின. தண்ணீருக்காகத் தடவின.

தட்டும் சத்தம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. பிறகு முழங்கால் உயரம். பிறகு பிறாண்டல் மட்டும். குரல் கரகரத்து, விசும்பலாகி, காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி ஆயிற்று. இடையில் எவ்வளவோ நேரத்துக்கு ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. அது உள்ளே ஓர் இரவாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி ஒரு விசும்பல். மறுபடி ஓர் இரவு.

கேமராத் திரையில், மூடிய கதவின் மேல், கட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் உட்கார்ந்தே இருந்தது எழுந்து நின்றது.

அணைந்தது.

அடுப்பில் பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை.

தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு திறந்தது. சென்னம்மா மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

கிருஷ்ணராஜ் வாசற்படியில் குப்புறக் கிடந்தார். கன்னம் படிமேல் ஒட்டியிருந்தது. சற்று முன்னால் மழமழவென்றிருந்த அந்தக் கன்னத்தில் நரைத்த தாடி திட்டுத்திட்டாக முளைத்திருந்தது. உதடுகள் கோடைக் குளம்போல வெடித்துப் பிளந்திருந்தன. கண்கள் உள்ளே விழுந்துவிட்டன. சட்டைக்குள் உடம்பு வற்றிச் சுருங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தின் தோல் கறுத்து எலும்போடு ஒட்டிக்கொண்டே போயிற்று. படிக்கு அந்தப் பக்கம், அறைக்குள், நாட்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

படிக்கு இந்தப் பக்கம் நீண்டிருந்த விரல்கள் மட்டும் மாறவில்லை. சிவப்பாக, கொழுகொழுவென்று, மோதிரத்தோடு, அவை தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன.