என் குரலில் ஒருத்தி கூப்பிடுவாள்

தோழி பெவ் லாம்பினென் போனில் நன்றி சொன்னபோது, எதற்கென்று டார்லீனுக்குப் புரியவில்லை.

"உன் மெயிலைப் படிச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன்டி. ஓட்ஸைக் கருகவிட்டுட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பனியில புதைச்சியாமே! தேய்க்கச் சோம்பல்னா இப்படியா?"

டார்லீன் சமையலறை ஜன்னல் வழியாகப் பின்புறத்தைப் பார்த்தாள். கணவன் ராய் உயிரோடு இருந்தபோது கட்டிய நீராவிக் குளியல் கொட்டகையின் படிக்குப் பக்கத்தில், அன்று காலை அவள் பாத்திரத்தைச் செருகிய இடத்தில், பனி இன்னும் குழிந்தே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய நாளிலிருந்து பனி ஒதுக்கும் வண்டிகூட அந்தச் சாலைக்கு வரவில்லை.

"நான் உனக்கு மெயில் எதுவும் அனுப்பலையே, பெவ்."

"சரி, சரி. வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோ. நான் மட்டும் என்ன? கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டே வீடு பூராத் தேடறேன்." பெவ் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் டார்லீனின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருந்தது. 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது' என்று வந்த ஒரு மெயிலை அவள் திறந்துவிட்டாள். மறுநாளே அவள் பெயரில் சர்ச்சில் உள்ள அத்தனை பேருக்கும் கண்ட கண்ட லிங்க் போயிருந்தது. ஹான்காக்கில் கம்ப்யூட்டரும் பனி வாரும் எந்திரமும் பழுதுபார்க்கும் வெண்டல் வந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து துடைத்தெடுத்தான். பாஸ்வேர்டை மாற்றினான். "இப்ப கழுவின தட்டு மாதிரி இருக்கு. இனிமே யாரு என்ன அனுப்பினாலும் தொடாதீங்க, டார்லீன்" என்று சொல்லிவிட்டு, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி இரண்டைத் தின்றுவிட்டுப் போனான். அதோடு தொல்லை ஒழிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் இருந்தது மகள் காரினின் பழைய அறையில். கதவைத் திறந்ததும், ஆளில்லாத அறைக்கு உரிய குளிரோடு, சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. அணைத்துவிட்டுப் போன எந்திரம் உள்ளே விசிறி சுற்ற மெல்ல இரைந்துகொண்டிருந்தது. திரையின் நீல வெளிச்சம் படுக்கையின் மடிப்புக் கலையாத போர்வைமேல் விழுந்திருந்தது. நின்றபடியே அவள் 'அனுப்பியவை' என்ற பகுதியைத் திறந்தாள்.

லிங்க் எதுவும் இல்லை. விளம்பரம் இல்லை. ஏரிக் காற்றைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் சின்னச் சின்ன மெயில்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் மூன்று புள்ளி. டார்லீன் எப்போதும் அப்படித்தான் வைப்பாள்.

அவள் வெண்டலைக் கூப்பிட்டாள்.

"அந்த மெஷின்ல கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது" என்றான் அவன். "உங்களை நல்லாத் தெரிஞ்ச யாரோ விளையாடறாங்க. சாயங்காலம் வரேன், மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். அதுவரைக்கும் ஒயரைப் பிடுங்கிப் போடுங்க."

மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடித்தாள். அப்போது திரையில் 'டிங்' என்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

காரின் ஹெய்க்கினன்.

ராயின் அடக்கத்தன்று, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபிக் கோப்பையோடு நின்றிருந்தபோது, டார்லீன் ஊர் கேட்க மகளைப் பார்த்துச் சொன்னாள்: "உன்னை நினைச்சு நினைச்சே உங்கப்பா போய்ச் சேர்ந்தாரு." காரின் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறி டுலூத் நகரத்துக்குப் போனவள்தான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. வருஷக்கணக்காக.

இப்போது அவள் எழுதியிருந்தாள். "அம்மா, இதை நீ சொல்லுவேன்னு நான் கனவுலகூட நினைக்கலை. ஆபீஸ் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்."

அதற்குக் கீழே, காரினுக்கு டார்லீன் 'எழுதிய' மெயில். "அன்னைக்கு நான் சொன்னது பொய்... எனக்கு யார் தலையிலயாவது பழியைப் போடணும்னு இருந்தது... நீ பக்கத்துல நின்னே..."

படுக்கையில் புரண்டு புரண்டு அவள் தனக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஒரு தடவையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து, எழுத வராமல் எழுந்துபோன வார்த்தைகள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

கை ஒயரை விட்டுவிட்டது.

வெண்டலை மறுபடி கூப்பிட்டு, வரவேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னாள்.

அதன்பிறகு மத்தியானங்களில் அவள் சமையலறையை விட்டு நகரவில்லை. ஏரியிலிருந்து வரும் பனி ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டுவர, வீட்டின் மரச்சட்டங்கள் குளிரில் இறுகி நெறுநெறுத்துக்கொண்டிருக்க, கூடத்தின் கடைசியில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து விசைப்பலகையின் சத்தம் கிளம்பும். முதலில் தயங்கித் தயங்கி, வார்த்தை தேடுவதுபோல் நின்று நின்று, பிறகு மழை பிடித்ததுபோல் விடாமல். டார்லீன் ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். எழுந்து போகமாட்டாள். சத்தம் ஓய்ந்து, நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிய பிறகுதான் உள்ளே போய், இன்று மகளுக்குத் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று படிப்பாள். நாற்காலி மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள் ஒருநாள். கதகதப்பாக இருந்தது. அதற்குப் பிறகு தொடவில்லை.

காரினின் பதில்கள் நீண்டுகொண்டே போயின. விவாகரத்து ஆனது, நாய் வாங்கியது, அப்பாவின் மீன்பிடித் தூண்டில் தன்னிடம்தான் இருக்கிறது என்பது. கடைசியில்: "சனிக்கிழமை வரேன்மா. காலையிலேயே கிளம்பிடுவேன்." அதற்கு அடியில் அவளுடைய போன் நம்பர்.

சனிக்கிழமை காலை டார்லீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எத்தனை நாள் இன்னொருத்தி பேச, தான் கேட்டுக்கொண்டிருப்பது? மகளின் குரலைத் தன் காதால் கேட்கவேண்டும். நம்பரை அழுத்தினாள்.

"காரின்... கண்ணு, அம்மா பேசறேன்."

வண்டி ஓடும் இரைச்சல். வைப்பர் அடிக்கும் சத்தம்.

"காரின்?"

"நீ கூப்பிடுவேன்னு எங்கம்மா சொன்னாங்க." குரலில் ஈரமே இல்லை. "அப்படியே அவங்க குரல். எப்படித்தான் செய்யறீங்களோ இதையெல்லாம்."

"நான்தான்டி! உங்கம்மாதான்!"

"அழவும் அழுவேன்னு சொன்னாங்க. வயசானவங்க குரலைத் திருடிப் பிழைக்கறியே, உனக்கெல்லாம் வெக்கமா இல்ல? இன்னொரு தடவை கூப்பிட்டே, போலீசுக்குப் போவேன்."

துண்டித்துவிட்டாள்.

டார்லீன் அந்த அறைக்கு ஓடினாள். அனுப்பியவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று. காரினுக்கு, பெவ்வுக்கு, வெண்டலுக்கு, பாதிரியாருக்கு, அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும்.

"அந்த வைரஸ் என் குரலையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு... என் குரலில் ஒருத்தி கூப்பிடுவாள்... என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருக்கும்... அழுவாள்... நம்பாதீங்க, போனை வெச்சுடுங்க... எதுவானாலும் எனக்கு மெயில் போடுங்க..."

பெவ் எடுத்தவுடனே வைத்துவிட்டாள். வெண்டல் மட்டும் கொஞ்சம் கேட்டான். "பாஸ்டிகூடத் தெரிஞ்சு வெச்சிருக்கியா! கெட்டிக்காரிதான்மா நீ" என்றான். "மூச்சு வாங்கறதுகூட டார்லீன் மாதிரியே இருக்கு. ஆனா என்கிட்ட வேகாது."

ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அது போதாது என்று பட்டது. கொட்டகையிலிருந்து விறகுக் கோடரியைக் கொண்டுவந்தாள். திரை உடைந்தது. பெட்டி பிளந்தது. விசைப்பலகையை வெட்டியபோது எழுத்துகள் தெறித்துப் போர்வைமேல் சிதறின. கை ஓயும்வரை வெட்டினாள்.

பிறகு நிசப்தம். விசிறியின் இரைச்சல்கூட இல்லாத, சுத்தமான நிசப்தம்.

போனில் நம்பாவிட்டால் என்ன? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பெற்ற மகளுக்கா தெரியாது?

மத்தியானம் தாண்டிப் பனி பெரிய பெரிய செதிலாக விழ ஆரம்பித்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். கதவைத் தாழிடக்கூட இல்லை. வீட்டுப் பாதை சாலையைத் தொடும் இடத்தில், முழங்கால் புதையும் பனியில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

கார் நின்றது.

கண்ணாடிக்குப் பின்னால் காரின். கண்ணோரம் சுருக்கம். தலையில் நரை. தன் குழந்தை.

"காரின்! பார்! என்னைப் பார்!"

டார்லீன் கண்ணாடியில் கையை வைத்தாள். காரின் பின்னால் ஒடுங்கினாள். கதவுகளின் பூட்டு ஒரே சமயத்தில் விழுந்தது. அவள் காதில் போன் இருந்தது. கண்ணாடி வழியாகக் குரல் மெலிதாக வந்தது.

"ஆமாம்மா. எதிர்லயே நிக்கறா. நீ சொன்ன மாதிரியேதான்... முகம்கூட, அம்மா. முகம்கூட."

டார்லீன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

"உன் கோட்டைப் போட்டிருக்கா... சரி. சரிம்மா. நிறுத்தமாட்டேன். நீ கதவைத் திறந்து வை."

கார் அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. வீட்டை நோக்கி.

திரும்பக்கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. அவள் ஏற்றாத விளக்கு. புகைபோக்கியில் புகை. ரொட்டி வேகும் மணம், ஏலக்காய் போட்டு, வெண்ணெய் தடவி. அவள் ரொட்டி சுடவில்லை. வாசற்கதவு உள்ளேயிருந்து திறந்தது.

காரின் வண்டியிலிருந்து இறங்கி ஓடினாள். சின்னப் பெண்ணைப்போல் படியில் தடுக்கி, சிரித்து, அழுது. "அம்மா!"

உள்ளே இருந்தவள் ஓர் அடி முன்னால் வந்தாள். டார்லீனின் பழைய நீலக் கம்பளிச் சட்டை. டார்லீனின் கூன். காரினை இழுத்து அணைத்துக்கொண்டாள். முகம் மகளின் தோளில் புதைந்திருந்தது.

"வாடா கண்ணு" என்றது டார்லீனின் குரல். "எவ்வளவு நாளாச்சு."

டார்லீன் கத்தினாள். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

காரினின் முதுகில் இரண்டு கைகள். தட்டிக்கொடுக்கவில்லை. தடவிக்கொடுக்கவில்லை. பத்து விரல்களும் தனித்தனியாக, ஒவ்வொன்றாக, வேகமாக, விசைப்பலகைமேல் ஓடுவதுபோல், எழும்பி எழும்பி அழுந்திக்கொண்டிருந்தன. விடாமல். காரின் இன்னும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கடைசி இடைவெளியிலும் அந்த விரல்கள் ஓயவில்லை.