யாரும்மா கொன்னது?

மைக் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் அவன்.

வயரின் ஒரு முனை அவன் விரல்களுக்கிடையில் ஆடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பச்சைக் கோடு இந்நேரம் செத்த பாம்பு மாதிரி நீட்டி நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும்.

படுக்கவில்லை.

ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

ஹெட்போனைக் கழற்றி எறிய நினைத்தான். கை மேலே போக மறுத்தது.

"துப்பு கெட்ட மாமா..." என்றது காதுக்குள் ஒரு குரல். ரொம்பப் பக்கத்தில். "வயரைப் பிடுங்கினா... நான் போயிடுவேனா?"

முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

வெளியே பட்டப்பகல். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக் காயப்போடுகிற நேரம். ஆனால் இந்த இரண்டு அறைகளுக்கு மட்டும் பகல் என்பதே கிடையாது. தெருச் சத்தம் உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல்களுக்கு மெத்தை, சுவர்களுக்குக் கம்பளி, கதவிடுக்கில் பழைய துணி என்று அவனே பார்த்துப் பார்த்து அடைத்திருந்தான். தூசு, கம்பளி, சூடேறிய மெஷின் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை எப்போதும் அங்கே இருக்கும். கொஞ்ச நாளாக அதில் இன்னொன்று கலந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாட்டுவார்களே, அந்த மாஸ்க்கின் ரப்பர் வாசனை.

பழைய துப்பறியும் கதைகளை ஒலிப்புத்தகமாக்குவது அக்காவுக்கும் தம்பிக்கும் தொழில். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வாசிப்பாள். இந்தப் பக்கம் தம்பி பதிவு செய்வான். அவனை ஒட்டி ஒரு முக்காலியில், இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அக்காவின் மகள் உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயது. கதையில் எவன் இருமினாலும் அதில் ஒரு துப்பு இருக்கிறது என்பாள். அதனால் வீட்டில் அவள் பெயரே துப்பு. கொலைகாரனை மாமா தப்பாக ஊகித்தால் அவனுக்கு அவள் கொடுக்கும் பட்டம்தான் 'துப்பு கெட்ட மாமா'. அநேகமாகத் தினமும் கொடுத்தாள்.

துப்பு செத்து இரண்டு மாதம் ஆகிறது.

வீசிங். குழந்தையிலிருந்தே உண்டு. எப்போதும் இன்ஹேலரை இரண்டு முறை அடித்தால் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை.

அப்போது ஓடிக்கொண்டிருந்த கதை இது: மலைமேல் ஒரு மாளிகை. ஆறு விருந்தாளிகள். வீட்டு எஜமானர் குடித்த தேநீரில் விஷம். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, கதவைச் சாத்தித் தாழ்போட்டு, "கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். அத்தோடு அந்த அத்தியாயம் முடிகிறது. மிச்சம் ஒரே ஓர் அத்தியாயம். அதை வாசிக்க அக்கா பக்கத்தைப் புரட்டியபோதுதான், முக்காலியிலிருந்து துப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

இரண்டு வாரம் முன்பு அக்கா தானாக வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. வேலையில் இறங்கினால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தான்.

ஆனால் வேலை நகரவில்லை. துப்பறிவாளர் கதவைச் சாத்தும் அதே அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாள். அதே கடைசி வரி. தினமும் அந்த வரியில் வந்து தடுக்கி விழுந்தாள்.

"நாக்கு குழறிடுச்சுடா. திரும்ப எடுத்துக்கலாம்."

ஒரு தும்மல்கூட இல்லாமல் நாற்பது பக்கத்தை ஒரே மூச்சில் வாசிப்பவள் அவள். அவளுக்கா நாக்கு குழறும்? பதிப்பகத்துக்காரர் போனில் சிரித்துக்கொண்டே மிரட்டினார். "என்ன தம்பி, கொலைகாரன் கிடைச்சானா இல்லையா? இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வேற குரலைப் போட்டுடுவேன், கோச்சுக்கக் கூடாது."

அந்தக் கடைசி வரிக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவே இருக்கும் மௌனத்தில்தான் முதல் தடவை அதைக் கேட்டான்.

"யாரும்மா கொன்னது?"

பிரமை என்று அழித்தான். மறுநாள் மறுபடி வந்தது. அழித்தான். எத்தனை அழித்தாலும் அடுத்த நாள் மௌனத்தில் அது உட்கார்ந்திருந்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயத்தில் அக்காவிடம் மூச்சு விடவில்லை. இன்றைக்குத்தான் வயரையே பிடுங்கினான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தாள்.

சிரித்தாள்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அக்கா. உனக்குத் தெரியும்."

"எது?"

"நடிக்காதே. நீ வேணும்னே தப்பா வாசிக்கற."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ தூங்கினதுக்கப்புறம் உன் பதிவையெல்லாம் போன்ல போட்டுக் கேப்பேன்டா. நீ அழிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டேன். என் புள்ள பேசறா. நீ பாட்டுக்கு அழிக்கற."

"எவ்வளவு நாள் இப்படியே ஓட்டப் போற?"

"யாரு கொன்னான்னு தெரியாத வரைக்கும் அவ நகர மாட்டா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாதா? சோறு தண்ணி வேண்டாம்னு உக்காந்துடுவா." அவள் குரலில் ஒரு தந்திரக்காரியின் பெருமை இருந்தது. "நான் சொல்லவே போறதில்ல. பதிப்பகத்துக்காரர் தலைகீழா நின்னாலும் சரி."

அவன் அக்கா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"போன்ல கேட்டேன்னு சொன்னேல்ல? அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல பேச்சு மட்டும்தான் வரும். மூச்சு வராதுக்கா."

"என்ன மூச்சு?"

அவன் தன் ஹெட்போனை எடுத்து வந்து அவள் காதில் மாட்டினான்.

அக்கா கண்களை மூடிக் கேட்டாள். முதலில் புன்னகை. பிறகு அந்தப் புன்னகை அப்படியே நின்றுபோனது.

அடைத்த குழாயில் தண்ணீர் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விசில். இழுத்துவிட்டு, வெளியே விட வழியில்லாமல், உள்ளேயே தவிக்கிற ஒரு சின்ன நெஞ்சு.

"இன்னும்..." அக்காவின் உதடு கோணியது. "இன்னும் இப்படியேவாடா இருக்கா?"

"அப்படியேதான். அன்னிக்கு வார்டுல எப்படி இழுத்தாளோ, அதே. நாளுக்கு நாள் மோசமாகுது. நீ கதையை இழுக்க இழுக்க, அவ மூச்சை இழுக்கறாக்கா."

"படிச்சு முடிச்சா போயிடுவாடா."

"போகட்டும்."

"நீ மாமன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்ட." பளாரென்று அவன் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடுத்த விநாடி அதே கன்னத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். சத்தமே வராத அழுகை. அந்தக் கம்பளிச் சுவர்களுக்குள் அழுதால் எதிரொலிகூட இருக்காது.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"போய் வயரை மாட்டு."

அவன் மாட்டினான். அக்கா தண்ணீர் குடித்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. அவன் இன்னொன்றை மாட்டிக்கொண்டான்.

கடைசி அத்தியாயம்.

ஒவ்வொரு விருந்தாளியாக எழுந்து சாட்சி சொன்னார்கள். டாக்டருக்குக் கரகரத்த குரல். சமையல்காரனுக்கு மூக்கடைத்த குரல். துப்பறிவாளருக்கு நிதானமான குரல். அக்கா அப்படி வாசித்து அவன் கேட்டதேயில்லை. தூங்கப்போகும் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே வாசிப்பதைப்போல வாசித்தாள்.

பக்கம் புரண்டது. காதுக்குள் இருந்த விசில் மெலிந்தது.

இன்னொரு பக்கம். இழுப்பு குறைந்தது.

துப்பறிவாளர் எழுந்தார். தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். கூடத்தின் மூலையில் பூச்செண்டோடு நின்றவளைப் பார்த்துச் சொன்னார்: "தோட்டக்காரனின் மனைவி."

மூச்சு சீரானது. ஆழமாக ஒன்று. அதைவிட ஆழமாக இன்னொன்று.

பிறகு எதுவுமில்லை.

அக்கா கடைசி வரியைத் தடுக்காமல் வாசித்து முடித்தாள். பச்சைக் கோடு நேராகப் படுத்தது. ரப்பர் வாசனையைக் காணோம். கம்பளியும் தூசும் மட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் பொங்கி வந்த அழுகையை விழுங்கினான்.

"நல்லபடியா அனுப்பிட்டேக்கா," என்றான் தன் பக்கத்து மைக்கில், மெதுவாக.

பச்சைக் கோடு துள்ளியது.

"பாத்தியா மாமா! தோட்டக்காரன் பொண்டாட்டின்னு நான் அப்பவே சொன்னேன்ல!"

தெளிவான குரல். விசில் இல்லை. இழுப்பு இல்லை. ஓடி விளையாடிவிட்டு வந்த குழந்தையின் குரல். அவன் முழங்கையில் சின்னதாய், சில்லென்று, ஏதோ வந்து சாய்ந்தது.

அவன் நகரவில்லை. நகர முடியவில்லை.

"அக்கா... இவ போகல."

ஹெட்போனில் அக்காவுக்கும் அது கேட்டிருந்தது. அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"அக்கா! முடிச்சா போயிடுவான்னு நீதானே சொன்ன?"

"அப்படித்தான்டா நினைச்சேன்." அவள் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. "அன்னிக்கு வார்டுல நீ மருந்து வாங்கப் போயிருந்த. மாஸ்க்கைத் தள்ளிவிட்டுட்டு, 'யாரும்மா கொன்னது, சொல்லு'ன்னு கேட்டா. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லிட்டா எங்க தூங்கிடுவாளோன்னு பயமா இருந்துச்சு. 'வீட்டுக்கு வா, சொல்றேன்'னேன்."

"அதுக்குத்தான் வந்தாளா?"

"அது மட்டும் இல்லடா." அக்கா கண்ணாடியில் கையை வைத்தாள். "'கதை முடிஞ்சதும் மறுபடி இந்த ஆஸ்பத்திரியிலயே கொண்டுவந்து விட்டுடுவியா'ன்னு கேட்டா. சமாதானத்துக்குச் சொன்னேன். சொன்னதையே மறந்துட்டேன். அவ மறக்கலை. 'வீட்டுக்கு மட்டும் எப்படியாவது வந்துடுடி. அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் உன்னை அனுப்பவே மாட்டேன்'னு அவ தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்டா."